கிணற்றடியிலே கிறிஸ்து

ஈழத்து முற்போக்கு இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோர் எவரும் கே. டானியலையும் டொமினிக் ஜீவாவையும் விட்டுவிட்டுப் பேச இயலாது. முன்னவர் 1986இலும் பின்னவர் 2021இலும் மறைந்தனர். இருவரும் யாழ்ப்பாணத்து மண்ணிலே, சாதியின் கொடுமையை உடலாலும் உள்ளத்தாலும் அறிந்த குடும்பங்களிலே தோன்றியவர்கள். ஒருவர் தாங்கியது விவிலியத்துத் தீர்க்கதரிசியின் பெயர். மற்றவர் தாங்கியது கத்தோலிக்கப் புனிதர் ஒருவரின் பெயர். ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதி, இலங்கைச் சாகித்திய மண்டலத்தின் பரிசைப் பெற்ற நூல், 'தண்ணீரும் கண்ணீரும்'. டானியலின் நாவல்களுள் ஒன்று 'தண்ணீர்'.

ஞானஸ்நானத் தண்ணீரைத் தாராளமாக வழங்கிய ஒரு சமயத்தின் பெயர்களைத் தாங்கிய இருவர், குடிக்கும் தண்ணீரைப் பற்றி எழுத வேண்டி வந்தது ஏன்? இந்தக் கேள்வியைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

அண்மையில் ஆசிரியர் அறையிலே எழுந்த ஒரு வாக்குவாதமே இதனை எழுதத் தூண்டிற்று. கிறித்தவ நண்பர் ஒருவர், நல்லவர், தம் ஊர்த் தேவாலயத்தின் தரும காரியங்களிலே முன்னிற்பவர். பேச்சு ஏழ்மையைப் பற்றித் திரும்பியபோது அவர் சொன்னார்: "மாஸ்டர், எங்கட சமயத்தின்ர அடிப்படை இரக்கம். பசிச்சவனுக்குச் சோறு குடுக்கிறது எங்கட வேலை. நீதி நியாயமெண்டு கொடி பிடிக்கிறது உங்கட ஆக்களின்ர வேலை." அறையிலிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பிய பின்னரும் அச்சொற்கள் என்னை விடவில்லை. இரக்கம் வேறு, நீதி வேறு என்று இவ்வளவு இலகுவாகப் பாகம் பிரித்துக்கொள்ள அவருக்குக் கற்றுக்கொடுத்தது எது? அவர் நாள்தோறும் வாசிக்கும் வேதாகமம் அன்று. அவர் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணமே அது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே பெய்து சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி நிற்கும் நீரே நமது செல்வம். அதனை எடுக்கக் கிணறு வேண்டும். கிணறு வெட்ட நிலம் வேண்டும். நிலமோ பெரும்பாலும் ஒரு சாதியாரின் உறுதிகளிலே அடங்கிக் கிடந்தது. ஆகவே, புகையிலைத் தோட்டத்திலே நாள் முழுதும் துலா மிதித்து நீர் இறைத்தவன், அந்தியிலே தன் குடிசைக்கு ஒரு குடம் நீருக்காகக் கையேந்தி நின்றான். அவனுடைய பெண்சாதி குடத்தோடு கிணற்றடிக்குத் தூரத்திலே காத்து நின்றாள். உரிமையுள்ள ஒருவர் வந்து, அள்ளி, அவள் குடத்திலே படாமல் உயர்த்தி ஊற்றினால் அன்று உலை வைக்கலாம். எவரும் வராவிட்டால் குளத்துச் சேற்றுநீர்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அள்ளி ஊற்றியவர் கெட்டவரல்லர். அவர் இரக்கமுள்ளவர்தான். வெயிலிலே நிற்கும் பெண்ணைக் கண்டு மனமிரங்கித் தம் வேலையை நிறுத்திவிட்டு வந்து ஊற்றியவர். அவளுக்கு அவர் தண்ணீர் கொடுத்தார். கயிற்றை மட்டும் கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர் ஊற்றிக்கொண்டும் அவள் நின்றுகொண்டும் இருந்தனர். அந்த இரக்கம் எவ்வளவுக்கு நீடித்ததோ அவ்வளவுக்கு அந்த அநீதியும் நீடித்தது. நண்பர் பெருமையோடு குறிப்பிட்ட இரக்கத்தின் யாழ்ப்பாணத்து உருவம் இதுதான் என்றால் அவர் கோபிப்பார். கோபிக்கட்டும்.

யோவான் சுவிசேஷத்தின் 4ஆம் அதிகாரம் ஒரு கிணற்றடியிலேயே நிகழ்கிறது. சமாரியப் பெண்ணொருத்தி நீரெடுக்க வருகிறாள். யூதருக்கும் சமாரியருக்கும் கொண்டான் கொடுத்தான் இல்லை. ஏனம் தொட்டால் தீட்டு. யாழ்ப்பாணத்தவனுக்கு இதனை விளக்க வியாக்கியானம் எழுத வேண்டியதில்லை. அங்கே யேசு செய்தது என்ன? அவளுக்கு நீர் ஊற்றினாரா? இல்லை. அவளிடத்திலே குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் திகைத்தாள், திரும்பி வந்த சீடர்களும் வியந்தனர். கொடுப்பவராய் நின்றிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்கள். தாழ்ந்தவள் என்று தள்ளப்பட்டவளின் பாத்திரத்திலிருந்து வாங்கிக் குடிக்க முன்வந்தமையே அங்கே புரட்சி. இந்த அதிகாரத்தைப் பற்றி நம் தேவாலயங்களிலே எத்தனையோ பிரசங்கங்கள் நிகழ்ந்திருக்கும். 'ஜீவ தண்ணீர்' என்ற ஞானப் பொருள் எத்தனையோ முறை விரித்துரைக்கப்பட்டிருக்கும். வெறுந் தண்ணீரைப் பற்றி எத்தனை பிரசங்கம் நிகழ்ந்தது?

வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். 1619இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் தம் ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தனர். 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இருவரும் சிலுவையோடு வந்தவர்கள். ஒல்லாந்தர் காலத்திலே ஞானஸ்நானமும் தேவாலயப் பதிவும் இல்லாமல் விவாகம் செல்லாது, உத்தியோகம் கிடையாது என்ற நிலையிருந்தது. ஆகவே ஊர் முழுதும் ஏட்டளவிலே கிறித்தவமாயிற்று. அந்தக் கிறித்தவ ஆட்சி, நாட்டு வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என்னும் சட்டத்தொகுப்பை ஆக்கிற்று. திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்ததை இந்நாட்டு முதலிமார் பார்வையிட்டுச் சரியெனக் கண்டனர். 1707இலே அது நடைமுறைக்கு வந்தது. அதிலே அடிமைகளுக்கென ஒரு பகுதியுண்டு. கோவியரும் நளவரும் பள்ளரும் யாருக்கு உடைமை, அவர்களின் பிள்ளைகள் யாரைச் சேரும் என்பதெல்லாம் எழுத்திலே ஏறிற்று. மனிதனைக் கடவுளின் சாயல் என்று கற்பிக்கும் சமயத்தவர், மனிதனை ஆடுமாடுகளோடும் காணியோடும் சேர்த்துப் பங்கிடும் வழக்கத்துக்குக் கைச்சாத்திட்டனர். வழக்கம் நம்முடையது, ஐயமில்லை. அதற்குச் சட்டம் என்ற முடியைச் சூட்டியது அவர்களுடைய கை. ஆங்கிலேயர் 1806இல் அடிமைகளைப் பதிவு செய்யச் சட்டமியற்றினர். 1844இலேயே இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது.

இதற்கிடையே, 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலே கால் வைத்தது. அதன் தொண்டைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி கொன்ற செயலாகும். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி. 1824இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே நோயாளரைப் பார்த்ததோடு நில்லாமல், தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். இன்றைக்கும் தாய்மொழியிலே வைத்தியக் கல்வி இயலாது என்று சாதிக்கும் நம்மவர் வெட்கித் தலைகுனிய வேண்டிய செயல் அது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டே கேட்கிறேன்: அந்தக் கல்வியின் வாசல் யாருக்குத் திறந்தது?

தொடக்ககாலத்து விடுதிகளிலே உயர்சாதிப் பிள்ளைகள் மிஷன் வளவிலே சமைத்த உணவை உண்ண மறுத்தனர். அவர்களின் சாதிக்கு ஒத்த சமையற்காரரும் சமையலிடமும் ஒழுங்கு செய்யப்பட்டன. பிள்ளைகள் ஓடிவிட்டால் பாடசாலை இல்லை. பாடசாலை இல்லாவிட்டால் சுவிசேஷம் இல்லை என்று மிஷனரிமார் கணக்குப் பார்த்தனர். மேசையை விட்டுக்கொடுத்துப் புத்தகத்தைக் காப்பாற்றிக் கொண்டனர். உடுவிலிலே படித்துக் கிறித்தவரை மணந்த பெண்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்த வரலாறும் உண்டு. சீதனத்தை எதிர்க்க வேண்டியவர்கள் அதனைக் கொடுத்து முடித்தார்கள். விளைவு என்ன? செமினரியிலிருந்து வெளிவந்தோர் பெரும்பாலும் வேளாள இளைஞர். அவர்கள் உத்தியோகத்தை நாடிப் போனார்கள். தாய்ச் சங்கம் இதனைக் கண்டு மனம் நொந்து 1855இல் செமினரியை மூடிற்று. பிரசங்கிமாரை எதிர்பார்த்தவர்களுக்குக் கிளாக்குமாரே மிஞ்சினர்.

அந்தக் காலத்திலே அப்படித்தான் செய்ய முடிந்தது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அதுவும் முழு உண்மையன்று. 1833இலேயே கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளிலே சாதி அறவே ஒழிய வேண்டும் எனக் கட்டளை பிறப்பித்தார். தஞ்சைக் கிறித்தவர் பலர் அதனை எதிர்த்துப் பிரிந்தபோதும் அவர் அசையவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலிலே சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. மனமிருந்த இடத்திலே சுவர் விழுந்திருக்கிறது. இடித்த பின்னும் நோய் தீர்ந்துவிடவில்லை என்பது வேறு. தமிழ்நாட்டு எறையூரிலே தலித்துக் கத்தோலிக்கர் தேவாலயத்திலே சம உரிமை கேட்டபோது மூண்ட கலவரமும், 2008 மார்ச்சிலே பொலிசாரின் துப்பாக்கிக்கு இருவர் பலியானதும் நேற்று நடந்த கதைகள்.

யாழ்ப்பாணத்துக்கே திரும்புவோம். இந்த நூற்றாண்டின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சமாசனம், சமபோசனம் என்ற சொற்களே மறந்திருக்கக் கூடும். ஒரு வகுப்பறையிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே உயரமான வாங்கிலே இருப்பதும், ஒரே பந்தியிலே உண்பதும் ஒரு காலத்திலே பெரும் போராட்டமாயிருந்தன. தாழ்த்தப்பட்ட பிள்ளை நிலத்திலே இருந்தது. சில இடங்களிலே வகுப்பறைக்கு வெளியே இருந்தது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே சமாசனம் வழங்கப்பட வேண்டும் என 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே அரசாங்கம் வற்புறுத்தியபோது, குடாநாட்டிலே பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. பிள்ளை வாங்கில் ஏறக்கூடாது என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திய சமுதாயம் நமது சமுதாயம். நிலத்திலே இருக்கவைத்த குற்றத்திலே சைவப் பாடசாலைகளோடு கிறித்தவப் பாடசாலைகளுக்கும் பங்குண்டு.

யாக்கோபு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை இவ்விடத்திலே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொன் மோதிரம் அணிந்தவன் சபைக்கு வந்தால் நல்ல ஆசனம் காட்டுவதையும், கந்தையுடுத்தவன் வந்தால் காலடியிலே இருத்துவதையும் அவர் பெயர் சொல்லிக் கண்டிக்கிறார். சமாசனத்தைப் பற்றி இவ்வளவு வெளிவெளியாகப் பேசும் வேதம் உலகிலே வேறு உண்டோ அறியேன். அதைக் கையிலே பிடித்தவர்கள், வாங்கைச் சமமாக்குவதற்கு அரசாங்கத்தின் சுற்றறிக்கை வரும்வரை காத்திருந்தார்கள்!

காத்திராதவர்களும் இருந்தார்கள், அவர்களை மறைப்பது நேர்மையன்று. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசு, பின்னர் வாலிபர் காங்கிரசு எனப் பெயர் பெற்ற இயக்கம், தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது. அதன் உயிர்நாடியாய் விளங்கிய ஹண்டி பேரின்பநாயகம் கிறித்தவக் குடும்பத்திலே பிறந்து, யாழ்ப்பாணக் கல்லூரியிலே கற்பித்தவர். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானவர். ஒடுக்கப்பட்ட மக்களின் முதற் சங்கங்களைக் கட்டியெழுப்பியவர்களுள் யோவேல் போல் போன்ற கிறித்தவர் முன்வரிசையிலே நின்றனர். அவர்கள் மிஷன் பாடசாலையிலே எழுத்தறிந்து, அந்த எழுத்தைக் கொண்டே மனுக்களும் தீர்மானங்களும் வரைந்தனர். சபை எதிர்பாராத அறுவடை இது. சபை பெருமைப்பட்டிருக்க வேண்டிய அறுவடையும் இதுவே.

"ஏழைகள் எக்காலத்திலும் இருப்பார்கள் என்று யேசுவே சொல்லியிருக்கிறாரே?" என்பது நண்பர் அன்று வீசிய இன்னொரு அம்பு. வறுமையை ஒழிக்க முற்படுவது தெய்வ சித்தத்துக்கு மாறானதுபோல இந்த வாக்கியத்தைக் காட்டுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அவ்வாக்கியம் உபாகமம் 15ஆம் அதிகாரத்தின் எதிரொலி. அந்த அதிகாரம் என்ன சொல்லுகிறது என்று நண்பர் திறந்து பார்க்கட்டும். ஏழாண்டுக்கு ஒருமுறை கடனெல்லாம் விடப்பட வேண்டும். அடிமை விடுதலையாக வேண்டும். வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. லேவியராகமம் 25ஆம் அதிகாரமோ ஐம்பதாம் ஆண்டிலே காணியையே உரியவனிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறது. ஒத்தியும் ஈடுமாக உழுபவனின் காணி கைமாறிப்போன நம்முடைய ஊரிலே இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தால் எத்தனை கனவான்களின் வேலிகள் உள்ளே நகர்ந்திருக்கும்! 4ஆம் நூற்றாண்டுச் சபைப் பிதாவாகிய பசிலியார், உன் பெட்டியிலே மடித்து வைத்திருக்கும் உடை உடையற்றவனுக்குச் சொந்தம் என்ற கருத்திலே பிரசங்கித்தார். கொடுப்பது தருமம் அன்று, எடுத்ததைத் திருப்புவது என்பதே அதன் பொருள். நம் தோழர்கள் இதனைச் சொன்னால் மாஸ்கோவிலிருந்து வந்த சரக்கு என்பார்கள். இதுவோ கப்பதோக்கியாவிலிருந்து வந்தது.

1960இலும் 1961இலும் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, இலங்கையின் பல பாகங்களிலே கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளே புகுந்து இரவு பகலாகக் காவலிருந்தனர். சமயக் கல்வி பறிபோகும் என்ற அவர்களின் அச்சத்தை நான் ஏளனஞ் செய்யவில்லை. ஆனால், சபை விரும்பினால் மக்களை வீதிக்கு அழைக்க வல்லது, சட்டத்தை எதிர்த்து நிற்க வல்லது என்பது அன்று வெளியாயிற்று. நீதிக்காகக் கொடி பிடிப்பது தன் வேலையன்று என்ற பேச்சு தன் சொத்துக்கு ஆபத்து வந்தபோது எங்கே போயிற்று?

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியும் ஏட்டிலேயே கிடந்தது. தேநீர்க் கடையிலே தாழ்த்தப்பட்டவனுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் ஊற்றினர். அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தது 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே நடந்த போராட்டமும் ஆகும். அவற்றைத் தலைமை தாங்கி நடத்தியது எந்தத் திருச்சபையும் அன்று. கடவுள் இல்லை என்று சொன்ன சீனச் சார்புக் கம்யூனிஸ்டுக் கட்சி. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு போகாமல் நின்றவன் ஆசாரியனும் அல்லன், லேவியனும் அல்லன் என்ற நல்ல சமாரியன் கதையை நினைவூட்ட வேண்டியதில்லை.

நம்முடைய தோழர்களுக்கும் ஒரு சொல். சமயத்தை அபின் என்று ஒரு வரியிலே முடித்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அதே மார்க்ஸ் அதே இடத்திலே, ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்றும் அதனைக் கண்டார் என்பதை நாம் சொல்வதில்லை. அந்தப் பெருமூச்சை உரத்த குரலாக்கிய பாதிரிமார் லத்தீன் அமெரிக்காவிலே தோன்றினர். இலங்கையிலே திஸ்ஸ பாலசூரிய, போல் கஸ்பேர்ஸ் போன்றோர் தோன்றினர். பெருவுவின் குஸ்தாவோ குத்தியேரஸ் 1971இல் விடுதலை இறையியலை நூலாக்கியபோது, வறுமை விதியன்று, ஆக்கப்பட்டது என்பதே அதன் அடிநாதமாயிருந்தது. நாம் அவர்களைத் தேடிப் போகவில்லை.

போர்க்காலத்திலே நம் மண்ணிலேயே சபை வேறொரு முகத்தைக் காட்டிற்று. 1995 யூலை 9ஆம் நாள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலே தஞ்சமடைந்தோர்மீது குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2006 ஓகஸ்ட் 20ஆம் நாள் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் காணாமற்போனார், இன்றுவரை திரும்பவில்லை. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011இல், அரசாங்கத்தின் கணக்குகளையே எடுத்துக்காட்டி, 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று ஆணைக்குழுவின் முன்னே கேட்டார். சோறு கொடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பெயர் சொல்லி, எண் சொல்லி, கணக்குக் கேட்டார்கள். நீதி கேட்பது சபைக்குரிய வேலையன்று என்று அன்று எந்தக் கிறித்தவரும் சொல்லவில்லை, நண்பரும் சொல்லவில்லை, நாமெல்லோரும் அவர்களைக் கண்டு தலைவணங்கினோம். அரசின் முன்னே நிமிர்ந்த அந்தக் குரல், ஊர் வேலியின் முன்னே வந்ததும் ஏன் 'இரக்கம்' என்று தாழ்ந்துவிடுகிறது?

1990இலே வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்து, முகாம்களிலே ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்தவர்களைப் பற்றி ஆய்வாளர் எழுதியிருக்கிறார்கள். காணியுள்ளவனும் வெளிநாட்டிலே உறவினனுள்ளவனும் விரைவிலே வெளியேறினான். எஞ்சியோரிலே மிகப் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வேறிடத்திலே காணி வாங்கப் பணம் தேடியவர்களுக்கும் அயலார் காணி விற்க மனம் ஒப்பவில்லை. இத்தகையோருக்கு அரிசியும் பருப்பும் பாயும் கொடுக்க நிறுவனங்கள் வரிசையிலே நின்றன. காணி கொடுக்க? 2018இல் வரணியிலே, ஒடுக்கப்பட்டோர் வடம் பிடிக்கக் கூடாதென்று அம்மன் தேரைக் கனரக இயந்திரத்தைக் கொண்டு இழுத்த செய்தி வெளிவந்தபோது கிறித்தவ நண்பர்கள் பலர் நகைத்தனர். நகைத்தவர்கள் தம் ஊரிலே எந்தச் சாதிக்கு எந்தக் கோயில், சேமக்காலையிலே எவர் எந்தப் பக்கத்திலே படுத்திருக்கிறார், பெருநாளிலே சுரூபக் கூட்டைத் தூக்கும் தோள்கள் எவருடையவை என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

சபைகளுக்குக் காணியுண்டு, கிணறுண்டு, பாடசாலையுண்டு, உறுதிகளெல்லாம் பத்திரமாய் இரும்புப் பெட்டியிலே உண்டு. எவ்வளவு காணி, அதிலே எவ்வளவு தரிசு, சுற்றுவட்டாரத்திலே காணியற்ற குடும்பம் எத்தனை என்பதை ஞாயிற்றுக்கிழமை அறிவித்தலிலே வாசிக்கலாம். கோயிற் சபையிலே எந்தப் பகுதியார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் வாசிக்கலாம். இதற்குப் புதிய இறையியல் எதுவும் தேவையில்லை. ஒரு கணக்கப்பிள்ளை போதும்.

இவற்றையெல்லாம் மறுநாள் நண்பரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. கடைசியாகத் தாமும் சிலரும் வெள்ளக் காலத்திலே பக்கத்துக் குடியிருப்புக்கு நிவாரணம் கொண்டுபோன கதையைத் தொடங்கினார். அரிசி, மா, சீனி, பிள்ளைகளுக்குக் கொப்பிகள். அந்த வீட்டுக் கிழவி கண்ணீர் விட்டுக் கும்பிட்டதாம். இருக்கச் சொல்லி, தேத்தண்ணி போட அடுப்பை மூட்டியதாம்.

"குடிச்சியளோ, மாஸ்டர்?" என்றேன்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "சோடா வாங்கிக் குடுத்தவை" என்றார்.